மூசையும் ஊதுலையும்

விஞ்ஞானக் கதைகளைப் படிப்போருக்கு நன்கு பழக்கமான பாத்திரம் ஒன்று உண்டு: நாளைய உலகத்தைத் தன் தொழிற்கூடத்தில் இன்றே ஆக்கி வைத்திருப்பதாகச் சொல்லும் மாபெரும் கம்பெனி. அதற்குக் கப்பல்கள் உண்டு, சுரங்கங்கள் உண்டு, அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் உண்டு. தன்னுடைய கண்டுபிடிப்புகளால் மனித வாழ்க்கை ஒரு தலைமுறைக்குள் அடியோடு மாறிவிடும் என்று அது வாக்களிக்கும். சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் 2021-ஆம் ஆண்டை முன்கூட்டியே வரைந்து காட்டிய காலம் முதற்கொண்டு, எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் இவ்வகை எழுத்து தமிழ் வாசகர்களுக்கு அந்நியமாக இல்லை. ஆயினும் அக்கற்பனைக் கம்பெனிக்கு ஒப்பான நிஜக் கம்பெனி ஒன்று, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கல்வராயன் மலையின் தண்ணீர் போய்ச் சேரும் கடற்கரையில் எழுந்து, புகை கக்கி, அணைந்தும் போயிற்று என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பரங்கிப்பேட்டை இரும்புக் கம்பெனி என்று சரித்திரம் குறிக்கும் அந்த ஸ்தாபனம் எதை வாக்களித்தது, யாருடைய அறிவின்மேல் நின்றது, ஏன் வீழ்ந்தது, அந்த வீழ்ச்சியைப் பற்றிய ஞானம் இன்றைய கள்ளக்குறிச்சிக்கு எவ்விதம் பயன்படும் என்பவற்றை ஒருசேர ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பூமியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். சின்னக் கல்வராயன் என்றும் பெரிய கல்வராயன் என்றும் இரண்டு பகுப்பாகக் கிடக்கும் இம்மலைத் தொடரில், வடசரிவின் நீர் தென்பெண்ணையை நாடிச் செல்வது நீங்கலாக, மற்றைய ஓடைகளும் ஆறுகளும் பெரும்பாலும் வெள்ளாற்றையே சென்றடைகின்றன. கோமுகி மலையிலிருந்து இறங்கி மணிமுத்தாற்றோடு கலக்கிறது. மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் விழுகிறது. தெற்கே கரியகோயில் ஆறு வசிஷ்ட நதியில் சேர, அந்த வசிஷ்ட நதியும் வெள்ளாறாகிறது. அந்த வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருப்பது பரங்கிப்பேட்டை. கள்ளக்குறிச்சித் தாலுகாவும் பரங்கிப்பேட்டையும் அக்காலத்தில் ஒரே தென்னார்க்காடு ஜில்லாவுக்கு உட்பட்டவை. 1993-இல் விழுப்புரம் பிரிந்து, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்ற பிறகு, மலையின் கதையையும் கடற்கரையின் கதையையும் வேறு வேறாகப் படிக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. இரும்பின் சரித்திரத்தைப் பொறுத்தவரை அவை ஒரே கதை.

அக்கதை கம்பெனியோடு தொடங்கவில்லை. கல்வராயன் மலைக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட சங்கராபுரம் வட்டாரத்தில் மேல்சிறுவலூர் என்று ஓர் ஊர் உண்டு. உலோகவியல் ஆராய்ச்சியாளரான சாரதா சீனிவாசன் அவ்வூரில் கிடைத்த மூசைத் துண்டுகளை (மூசை என்பது உலோகம் உருக்கும் களிமண் கலம்) பரிசோதித்து, அவை எஃகு உருக்கப் பயன்பட்டவை என்று 1994-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். மூசையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நுண்ணிய உலோகத் துளிகளை உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, கரிமம் மிகுதியாகச் செறிந்த உயர்தர எஃகின் அமைப்பு அவற்றில் தென்பட்டது. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று வியந்து அழைத்த எஃகு இதுவே. டமாஸ்கஸ் வாள் என்று புகழ்பெற்ற மேலைய ஆசிய வாட்களுக்கு மூலப்பொருளாக இந்திய எஃகுக் கட்டிகள் சென்றன என்பது உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. அந்த எஃகை ஆக்கிய தலங்களில் ஒன்று இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது என்பதை இம்மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று கேட்க எனக்கு ஆவல் உண்டு.

எஃகு செய்யும் முறை எளிமையாகத் தோன்றினும் நுட்பமானது. உமி கலந்து பிசைந்த களிமண்ணால் சிறிய மூசை வனைந்து, அதனுள் தேனிரும்புத் துண்டுகளையும் உலர்ந்த ஆவாரங் கட்டையின் சிம்புகளையும் இட்டு, மேலே எருக்கு முதலிய பச்சிலைகளை மூடி, காற்றுப் புகாதபடி களிமண்ணால் வாயை அடைப்பார்கள். மூசைகள் உலர்ந்ததும் இருபது இருபத்துநான்கு மூசைகளைச் சிறு உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, துருத்தியால் ஊதுவார்கள். இரண்டரை மணி நேரத்தில் இரும்பு எஃகாகிவிடும். ஒரு மூசையில் இடும் இரும்பு ஒரு பவுண்டைத் தாண்டுவது அபூர்வம். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1800-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் தென்னாட்டில் யாத்திரை செய்து உலைகளை நேரில் கண்டு விவரித்தார். பின்னர் மின்சார சாஸ்திரத்தில் பெரும்பெயர் பெற்ற மைக்கேல் பாரடே, தம் இளமையில் 1819 முதல் சில ஆண்டுகள் இதன் இரகசியத்தை அறிய முயன்று, எஃகோடு பிற உலோகங்களைக் கலந்து பார்த்தார். உலோகக் கலப்பு எஃகுகளைப் பற்றிய நவீன ஆராய்ச்சிக்கு அம்முயற்சி ஒரு தொடக்கம்.

இச்சூழலில்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் நம் சரித்திரத்துக்குள் வருகிறார். சென்னை ராஜதானியின் சிவில் உத்தியோகத்தில் இருந்து, சேலம் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வர்த்தகப் பொறுப்பை வகித்த அவர், கஞ்சமலை முதலிய குன்றுகளில் குவிந்து கிடந்த காந்தக் கல்லையும் அதை உருக்கும் குடியானவர்களின் திறமையையும் கண்டார். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரம் உயர்தர எஃகு செய்வதற்கு ஸ்வீடன் தேசத்துத் தேனிரும்பையே நம்பியிருந்த காலம் அது. சேலத்துக் கனிமத்தை ஐரோப்பிய முறையில் பெரிய உலையில் உருக்கினால், ஸ்வீடனை விலக்கிவிட்டு ஆங்கிலேய சாம்ராஜ்யத்தின் எஃகுத் தேவை முழுவதையும் சென்னை ராஜதானியே நிறைவேற்றலாம் என்பது ஹீத் கண்ட கனவு. வெறும் லாபத்தைக் கருதியவர் இவர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. உத்தியோகத்தைத் துறந்தார்; தாய்நாடு சென்று தொழிலைக் கற்றார்; யந்திரங்களோடு திரும்பினார்; தம் செல்வத்தையும் ஆயுளையும் அந்த ஒரே எண்ணத்தில் கரைத்தார். எதிர்காலத்தைக் கண்முன் கண்டவர்களிடம் மட்டுமே காணப்படும் பிடிவாதம் அவரிடம் இருந்தது.

சர்க்காரும் தாராளமாகவே உதவிற்று. சென்னை ராஜதானியில் ஐரோப்பிய முறைப்படி இரும்பு செய்யும் ஏகபோக உரிமையும், பெருந்தொகையான முன்பணமும், தரிசு நிலக் காடுகளில் மரம் வெட்டிக் கரி சுடும் பாத்தியதையும் அவருக்குக் கிடைத்தன. 1830-இல் பரங்கிப்பேட்டையில் உலைகள் எழுந்தன. 1833-இல் கூட்டுப் பங்குக் கம்பெனி உருவாயிற்று. மலையாளக் கரையில் பேப்பூரில் மற்றொரு தொழிற்கூடம் அமைந்தது. 1853-இல் 'கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி' என்ற புதிய ஸ்தாபனம் பொறுப்பை ஏற்று, திருவண்ணாமலையிலும் காவிரிக் கரையில் பாலம்பட்டியிலும் கிளைகளை நிறுவிற்று. கிழக்குக் கடல் முதல் மேற்குக் கடல் வரை கை நீட்டி நின்ற இத்தகைய தொழில்நுட்பக் கூட்டமைப்பை அக்கால இந்தியா அதற்கு முன் கண்டதில்லை.

பரங்கிப்பேட்டை இரும்பின் தரத்தைப் பற்றி விவாதத்துக்கு இடமே இல்லை. ஷெபீல்டு அதை விரும்பி வாங்கிற்று. வேல்ஸ் நாட்டில் கடலிடுக்கின்மேல் 1850-இல் திறக்கப்பெற்ற புகழ்மிக்க பிரிட்டானியா பாலத்துக்கும் இவ்விரும்பு பயன்பட்டது என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. ஆகவே, சரக்கு மட்டமாயிருந்தமையால் கம்பெனி வீழ்ந்தது என்று ஒருவரும் சொல்ல இயலாது. நல்ல சரக்கு, அரசாங்க ஆதரவு, ஏகபோக உரிமை, அயராத தலைவர் ஆகிய நான்கும் இருந்தும், 1860-களின் நடுப்பகுதிக்குப் பின் பரங்கிப்பேட்டை உலைகள் எரியவில்லை. ஏன்?

இக்கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடைகளுள் முதலாவது கரிப் பஞ்சம். இதைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். மரக்கரியால் ஊதுலை நடத்தும்போது ஒரு டன் இரும்புக்கு இரண்டு மூன்று டன் கரி செலவாவது சாதாரணம். ஒரு டன் கரி கிடைக்க நான்கைந்து டன் விறகு எரிய வேண்டும். எனவே ஒவ்வொரு டன் இரும்பும் ஏறத்தாழப் பத்து முதல் பதினைந்து டன் வரை மரத்தை விழுங்கியே வெளிவருகிறது. ஆண்டு முழுவதும் இரவு பகலாக எரியும் ஊதுலை ஒன்றைச் சுற்றியுள்ள காடு எவ்வளவு விரைவில் தேயும் என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை. முதலில் அருகில் உள்ள புதர்க்காடு அழிந்தது; பிறகு கரி தூரத்திலிருந்து வரவேண்டியதாயிற்று; தூரம் கூடக் கூட விலை ஏறிற்று. வெட்டிய இடத்தில் மரம் நட்டு வளர்க்கும் திட்டம் ஏதும் உலையின் வேகத்துக்கு ஈடாக நடைபெறவில்லை. சவுக்குத் தோப்புகள் சென்னைக் கரையோரத்தில் பெருகியதெல்லாம் பிற்பாடு, ரயில் எஞ்சின்கள் விறகைக் கேட்ட காலத்தில். காடு என்பது வெட்ட வெட்டக் கிடைக்கும் இலவசச் சொத்து என்று கணக்கில் எழுதிக்கொண்டே கம்பெனியின் கனவு தொடங்கிற்று.

இவ்விடத்தில் ஸ்வீடனோடு ஒப்பிடுவது பயன் தரும். ஸ்வீடனும் மரக்கரியையே நம்பிய தேசம். அங்கும் காடு தேயும் அபாயம் இருந்தது. ஆனால் அந்நாட்டு ஆட்சி, உலைகள் ஒரே இடத்தில் குவியாதபடி அவற்றைக் காடுகளினூடே பரப்பி வைத்து, ஒவ்வோர் உலையும் தன் சுற்றுக் காட்டின் வளர்ச்சிக்குள் அடங்கி எரியுமாறு கட்டுப்படுத்திற்று. நம் நாட்டுக் கொல்லர்களும், சட்டம் ஏதும் இல்லாமலேயே, அநேகமாக அதே நியதியில்தான் வாழ்ந்தார்கள்: உலை சிறிது, கனிமமும் கரியும் கிடைக்கும் இடத்திலேயே உலை, இடம் வறண்டால் உலை வேறிடத்துக்குப் பெயரும். காட்டின் தாளத்துக்கு ஏற்ற அளவில் தொழில் நடத்துவது எப்படி என்பதை ஸ்வீடனும் அறிந்திருந்தது, சங்கராபுரத்துக் கொல்லனும் அறிந்திருந்தான். ஸ்வீடனை வெல்ல வந்த கம்பெனி அதை இருவரிடமிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாவது காரணமாகப் போக்குவரத்தைச் சொல்வர். கனிமம் சேலத்தில், உலை கடற்கரையில், இடையே நூறு மைலுக்கு மேற்பட்ட தூரம். சேலத்துக் காந்தக் கல்லில் இரும்பின் பங்கு நூற்றுக்கு முப்பத்தைந்து நாற்பது அளவே. எஞ்சியது பெரும்பாலும் படிகக் கல். ஆகவே உலைக்குக் கொண்டு வந்த சுமையில் பாதிக்கு மேல் சிட்டமாகவே கழிந்தது. ரயில் பாதை தென்னாட்டில் முதன்முதலாக ஓடியது 1856-இல், அதுவும் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரைதான். அப்படியிருக்க, மலையடிவாரத்தில் நிற்க வேண்டிய உலையை முகத்துவாரத்தில் நிறுத்தியது ஏன் என்றால், கப்பல் அங்கேதான் வரும். தன் சரக்கை வாங்குவோன் ஷெபீல்டில் இருக்கிறான் என்பதால், கம்பெனி கடலைப் பார்த்து முகத்தைத் திருப்பி, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. பிற்காலத்தில் திருவண்ணாமலையிலும் பாலம்பட்டியிலும் உலை வைத்தது, இப்பிழையை உணர்ந்து திருத்த முயன்றதற்கு அறிகுறி என்று நான் கருதுகிறேன். அந்தத் திருத்தம் வந்தபோது காலம் கடந்துவிட்டது.

மூன்றாவது காரணம் இங்கிலாந்திலேயே நிகழ்ந்த மாறுதல். 1828-இல் ஜேம்ஸ் நீல்சன் உலைக்குள் வெப்பமூட்டிய காற்றைச் செலுத்தும் முறையைக் கண்டுபிடித்தார்; அங்கு நிலக்கரியிலிருந்து ஆக்கிய கோக்கு மலிவாகக் கிடைத்தது; இரும்பின் விலை சரிந்தது. 1856-இல் ஹென்றி பெஸ்ஸமர் உருகிய இரும்பினூடே காற்றைப் பாய்ச்சி எஃகாக்கும் உபாயத்தை வெளியிட்டதும், எஃகே டன் கணக்கில் மலிவாயிற்று. இதைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. உலகம் அறிந்த வரலாறு.

இம்மூன்று காரணங்களும் மெய்யே. எனினும், பொருளாதார நூல்கள் இவற்றோடு நின்றுவிடுவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. நான்காவதாக ஒன்று உண்டு. அது அறிவைப் பற்றியது. ஹீத் இந்திய எஃகைக் குறித்து 1837-இல் ராயல் ஆசியாடிக் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், எகிப்தியரின் கல்தூண்களைச் செதுக்கிய உளிகள் இந்திய எஃகால் ஆனவையாக இருந்திருக்கக்கூடும் என்று வாதித்ததோடு அமையாமல், மற்றொரு மிக முக்கியமான செய்தியையும் எடுத்துக்காட்டினார். இங்கிலாந்தில் டேவிட் மஷெட் 1800-இல் இரும்பைக் கரிப்பொருளோடு உருக்கி எஃகாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சார்லஸ் மாக்கிண்டாஷ் 1825-இல் கரிமம் கொண்ட வாயுவை இரும்பின்மேல் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டு தத்துவங்களும் ஆவாரங் கட்டையும் பச்சிலையும் இட்டு மூடிய நம் மூசைக்குள் ஒன்றாக நிகழ்கின்றன என்று ஹீத் விளக்கினார். ஷெபீல்டில் முன்னரே எஃகாக்கிய இரும்பை உருக்க நான்கு மணி நேரமாவது ஆகும். இங்கே பச்சை இரும்பு இரண்டரை மணி நேரத்தில் எஃகாகி விடுகிறது. ஐரோப்பாவின் புத்தம் புதிய கண்டுபிடிப்புகள் இரண்டும், எழுத்தறியாத ஒரு கொல்லனின் களிமண் மூசைக்குள் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருந்தன என்று அக்கால ஆங்கிலேயரே எழுதி வைத்திருப்பதைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு விம்முகிறது.

இத்தனையும் அறிந்த ஹீத், அந்தக் கொல்லனைத் தம் தொழிலில் எந்த ஸ்தானத்தில் வைத்தார்? கனிமம் பொறுக்குவோனாகவும், கரி சுடுவோனாகவும், உலை முன் நிற்கும் கூலியாகவும். கம்பெனியின் பங்குதாரர் பட்டியலில் அவனுடைய கலைக்கு ஒரு மதிப்பும் போடப்படவில்லை. தென்னாட்டு இரும்பைக் குறித்து அதே காலத்தில் எழுதிய காப்டன் காம்ப்பெல் என்ற சர்வே அதிகாரி, உள்ளூர் உலையில் செய்த தேனிரும்பை மிக உயர்வாக மதிப்பிட்டார். அந்த மதிப்பீட்டைத் தொடர்ந்து, ஊரூராக இருந்த உலைகளுக்கு நல்ல துருத்தியும், சற்றுப் பெரிய அளவும், நியாயமான விலையும் கொடுத்து வளர்த்திருந்தால், கல்வராயன் மலையடிவாரத்திலும் சேலத்துக் குன்றுகளின் ஓரத்திலும் ஸ்வீடனுக்கு நிகரான ஒரு சிறுதொழில் மண்டலம் எழுந்திருக்கக்கூடும். அந்த வழி திறந்தே இருந்தது. அதில் போவார் இல்லை.

ஹீத்துக்கு நேர்ந்த கதியும் இத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது. இங்கிலாந்து திரும்பிய அவர், மூசை எஃகில் மாங்கனீசைச் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் பற்றவைக்கத்தக்க நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டு 1839-இல் காப்புரிமை பெற்றார். மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டியே சேர்த்து உருக்கிய கலவையையே அவருடைய காப்புரிமை குறிப்பிட்டது. அவருடைய ஷெபீல்டு முகவராக இருந்த அன்வின் என்பவரோ, மாங்கனீசுத் தாதையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசைக்குள் போட்டு, இது வேறு முறை என்று சாதித்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஷெபீல்டு முழுவதும் அம்முறையால் செழித்தது. எஃகின் விலை குறைந்தது. கண்டுபிடித்தவருக்குப் பலன் வரவில்லை. 1851-இல் ஹீத் மாண்டார். 1855-இல் பிரபுக்கள் சபை அன்வினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிற்காலத்தில் பெஸ்ஸமர் முறையே மாங்கனீசு சேர்த்த பிறகுதான் செவ்வையாகப் பயன்பட்டது. சங்கராபுரத்துக் கொல்லனின் அறிவுக்குக் கொடுக்கப்படாத விலை, அந்த அறிவைக் கண்டு பாராட்டிய ஹீத்தின் அறிவுக்கும் கொடுக்கப்படாமல் போயிற்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே வழக்கம்: அறிவு விளையும் இடத்துக்கும் லாபம் சேரும் இடத்துக்கும் இடையே கணக்கு வைக்காத வழக்கம்.

கம்பெனி மறைந்தபின் பழைய உலைகளாவது மீண்டும் துளிர்த்தனவா என்றால், அதுவும் இல்லை. மலிவான சீமை இரும்பு ரயிலேறிச் சந்தைதோறும் வந்தது. 1856-இல் சென்னை வன இலாகா அமைந்து, 1882-இல் வனச்சட்டம் பிறந்ததும், கொல்லன் தன் விருப்பப்படி கரி சுடும் வழி அடைபட்டது. காட்டைக் காப்பது அவசியமே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெருங்கம்பெனி தின்றுவிட்டுப் போன காட்டுக்குப் பரிகாரமாகச் சிற்றுலைக்காரனின் கை கட்டப்பட்டது என்பதே வேதனை. பூகர்ப்ப இலாகாவின் தாமஸ் ஹாலண்ட் 1890-களின் தொடக்கத்தில் சேலம் ஜில்லாவின் இரும்பை ஆராய்ந்து கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை முதலிய தொகுதிகளை வகைப்படுத்தி எழுதியபோது, கனிமம் மலைமலையாகக் கிடந்தது; அதை உருக்கும் கலையோ அந்திமக் காலத்தில் இருந்தது.

மலைமேல் வாழ்ந்த மலையாளி என்னும் பழங்குடி மக்களின் நிலை இன்னும் துயரமானது. சமவெளியில் கம்பெனிகள் வந்தும் போயும், சட்டங்கள் பிறந்தும் மாறியும் காலம் கழிந்த அத்தனை ஆண்டுகளும், கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் ஆட்சியிலேயே இருந்தது; குடிகள் அவர்களுக்கு வெட்டி வேலை செய்து வந்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் ஜாகீர் முறை முடிவுற்று மலை நேரடியாக அரசாங்கத்தின்கீழ் வந்தது. சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் புளியும் சேகரித்து வாழ்ந்த அம்மக்களிடம், அவர்களுடைய காட்டைப் பற்றியும் கல்லைப் பற்றியும் யாரும் ஒருமுறையும் கேட்டதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகே, சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலையின் சாலை, பள்ளி, வைத்தியம், வாழ்வாதாரம் ஆகியவற்றைப் பற்றி அரசாங்கத்தை விசாரித்தது. இத்தனை காலம் மலை பொறுத்திருந்தது என்பதே நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

இருபதாம் நூற்றாண்டு, பழைய கேள்வியை வேறு வடிவில் எழுப்பிற்று. பரங்கிப்பேட்டை உலை எந்த எரிபொருள் இல்லாமல் மாண்டதோ, அந்த எரிபொருள் அதே ஜில்லாவில், விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் இடையே, மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் துளைக்கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. 1956-இல் நெய்வேலி நிறுவனம் உருவாயிற்று. சேலத்துக் கனிமத்தை நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியால் உருக்கும் யோசனை பல ஆண்டுகள் ஆராயப்பட்டது. 1967-இல் அண்ணா 'எழுச்சி நாள்' கொண்டாடச் செய்து சேலம் உருக்காலையைக் கோரினார். 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-இல் உற்பத்தி தொடங்கிற்று. ஆனால் கஞ்சமலையின் அடிவாரத்திலேயே நிற்கும் அவ்வாலை, கஞ்சமலையின் கனிமத்தை உருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த எஃகைத் துருப்பிடிக்காத தகடாக உருட்டியே பெயர் பெற்றது. பின்னர், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவண்ணாமலைக்கு அருகே கவுத்தி மலையையும் வேடியப்பன் மலையையும் வெட்டி இரும்பெடுக்கும் திட்டம் வந்தபோது, சுற்றுவட்டார மக்கள் உறுதியாக எதிர்த்தார்கள், மலைகள் நின்றன. பரங்கிப்பேட்டையின் காலத்தில் இத்தகைய எதிர்ப்புக் குரல் எழுவதற்கு இடமே இல்லை. கேட்கப்படும் உரிமை மக்களுக்கு வந்திருப்பதை, எந்த யந்திரத்தையும்விடப் பெரிய முன்னேற்றமாக நான் மதிக்கிறேன்.

இப்போது கள்ளக்குறிச்சியின் வாசலில் புதிய கம்பெனி வந்து நிற்கிறது. விளையாட்டுக் காலணி செய்வதில் உலகிலேயே மிகப் பெரிய உற்பத்தியாளரான தைவான் நாட்டு பௌ சென் குழுமம், ரூ.2,302 கோடி முதலீட்டில், 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை தரும் ஆலையைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைக்க 2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. உளுந்தூர்ப்பேட்டை சிப்காட் அதற்குரிய இடம். வேலை பெறுவோரில் பெரும்பாலோர் பெண்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். கரும்பையும் நெல்லையும் மழையையும் நம்பி, எஞ்சிய காலத்தில் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கு, வீட்டிலிருந்து போய்த் திரும்பும் தூரத்தில் மாதச் சம்பளம் என்பது அற்ப விஷயமன்று.

வரவேற்பதாலேயே சில கேள்விகளையும் கேட்க வேண்டியவர்களாகிறோம். காலணித் தொழிலின் உயிர், தைக்கும் வரிசையில் இல்லை. பாதத்தின் வடிவைக் கணிக்கும் அச்சிலும், அடிப்பகுதிக்குரிய ரப்பர், நுரைப் பொருள்களின் கலவையிலும், யந்திரங்களைச் சீர்செய்து புதியன அமைக்கும் பட்டறையிலும் இருக்கிறது. மேல்சிறுவலூர் மூசைக்குள் இருந்த இரகசியத்துக்கும் ஹீத்தின் மாங்கனீசுக்கும் இன்றைய இணை அங்கேதான் உண்டு. அந்த அறைகளுக்குள் கள்ளக்குறிச்சியின் பிள்ளைகள் நுழைவார்களா, அல்லது வரிசையில் நின்று தைப்பதோடு நிறுத்தப்படுவார்களா என்பதை ஆலை முழு வேகத்தில் ஓடத் தொடங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை. ஏரிப் பாசனத்தை நம்பிய பூமியில் ஆலைக்குரிய தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்ற கணக்கும், பரங்கிப்பேட்டை தன் காட்டுக்கு எழுதத் தவறிய கணக்கைப்போல விடுபட்டுப் போகாமல், ஊராட்சிகளின் முன் வருஷந்தோறும் வைக்கப்பட வேண்டும். அச்சுப் பட்டறையிலும் வடிவமைப்புக் கூடத்திலும் பயிற்சி இடங்களில் ஒரு பங்கை வெள்ளிமலை, கரியாலூர் முதலிய மலையூர்களிலிருந்து வரும் மாணவர்களுக்கென்றே ஒதுக்கி, தங்கும் விடுதியும் உதவித்தொகையும் சேர்த்து உடன்படிக்கையில் எழுதச் செய்வது அரசாங்கத்தின் கையில் உள்ள காரியம். நிலமும் சலுகையும் கொடுப்பது அரசாங்கமாயிருக்கையில், இதைக் கேட்பதற்கு அதற்கு முழு உரிமையும் உண்டு.